மூன்றாம் செட்டுக்குத் தார் ரோடு

அம்மையார்குப்பத்திலிருந்து திருத்தணி மலைக்கு நடந்து போக மூன்று வழிகள். மொட்டைக் கரட்டில் ஏறி இறங்குவது ஒன்று. பாறையும் கள்ளியும் வேலிக்காத்தான் புதரும் தவிர அங்கே வேறொன்றும் கிடையாது. ஆனால் தூரம் குறைவு. உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு சுனை உண்டு, அதை ஒட்டி ஏழு கல் நட்ட கன்னிமார் இடம் உண்டு. இரண்டாவது ஓடை வழி. ஓடை என்பது பேருக்குத்தான். மழைக்காலத்தில் சில நாள் தண்ணீர் ஓடும், மற்ற நாளெல்லாம் மணல். மூன்றாவது தார் ரோடு. பஸ் போகிற ரோடு. எல்லா ஊரையும் தொட்டுக்கொண்டு வளைந்து வளைந்து போவதால் மூன்றிலும் அதுதான் நீளம்.

சித்திரைப் பிரம்மோற்சவத்துக்கு ஊரிலிருந்து வருஷம் தவறாமல் பாதயாத்திரை கிளம்பும். முன்பெல்லாம் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, யாருக்கு எந்த வழி தோதோ அந்த வழியில் போய்ச் சேர்ந்தார்கள். கஜபதி குழு ஆரம்பித்த பிறகு அதற்கு ஓர் ஒழுங்கு வந்தது. கஜபதி பவர்லூம் ஷெட் வைத்திருந்தவர். கெட்ட மனிதர் இல்லை. பானர், மஞ்சள் பனியன், மைக் கட்டிய வேன், வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல் என்று எல்லாவற்றையும் ஓடியோடிச் செய்தார். யார் எந்த வழியில் போவது என்பதையும் அவரே முடிவு செய்தார்.

மாலை போடுகிற அன்று சாயங்காலம் மாரியம்மன் கோவில் எதிரே எல்லாரையும் நிற்கவைத்து ஆள் பார்ப்பார். காவடி எடுக்கும் வாலிபர்கள் முதல் செட்டு, அவர்களுக்குக் கரடு. குழந்தை குட்டியோடு வருகிற குடும்பங்கள் இரண்டாம் செட்டு, ஓடை. வயதானவர்கள், காலை இழுத்து நடப்பவர்கள், உடம்பு பெருத்தவர்கள், பிரஷரும் சர்க்கரையும் உள்ளவர்கள் மூன்றாம் செட்டு. அவர்களுக்குத் தார் ரோடு.

“கல்லு இல்ல, முள்ளு இல்ல, ஏத்தம் இல்ல. பின்னாலயே வேன் வந்துகினு இருக்கும். இதைவிட ஈஸியான வழி யாரு குடுப்பா?” என்பார்.

2002ஆம் வருஷம் குப்பம்மாள் முதல் தடவையாக மாலை போட்டுக்கொண்டாள். மகன் அரசு கஜபதியின் ஷெட்டில் தறி ஓட்டுகிறவன். மருமகள் தேவயானி வீட்டிலிருந்தே நூல் சுற்றிக் கொடுப்பவள். குப்பம்மாளுக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகியிருந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டது மாத்திரை தீர்ந்துபோகிற நாட்களில் மட்டும்தான்.

“நைனா கஜபதி, என்னைக் கரட்டுல வுடுப்பா. அந்தச் சுனைத் தண்ணியத் தலையில தெளிச்சிக்கணும்” என்று கேட்டாள்.

“தண்ணிய பாட்டில்ல புடிச்சாந்து தரச் சொல்றேம்மா. உனக்கு சுகர் கீது. நீ மூணாவது செட்டு.”

காவடிக்காரர்களில் ஒருவன் கத்தினான்: “பெரிம்மா கரட்டுல ஏறினா அதைத் தூக்க இன்னொரு காவடி கட்டணும்!”

“டேய், உங்கப்பன் கல்யாணத்துக்கு மாவாட்டின கைடா இது. உன்னையும் உன் காவடியையும் சேத்துத் தூக்கிகினு ஏறுவேன்” என்றாள் குப்பம்மாள். சிரிப்புக்கு நடுவே அவளை மூன்றாம் செட்டில் நிறுத்தினார்கள்.

வழியைப் பிரித்தவர் நேரத்தை எப்படிப் பிரித்தார் என்பதை யாரும் கவனிக்கவில்லை. விடியும் முன்பே மேளத்தோடு முதல் செட்டு கிளம்பிவிடும். அந்நேரத்துக் கரட்டுப் பாறை, ராத்திரி முழுக்கக் குளிர்ந்து, கால் வைக்கச் சுகமாக இருக்கும். அவர்கள் போனதும் இரண்டாம் செட்டு மணலில் இறங்கும். பெரிய பானரும் வேனும் போவது ரோட்டில் என்பதால், கொடியசைக்க வரும் பிரமுகர்கள் மூன்றாம் செட்டைத்தான் வழியனுப்புவார்கள். பிரமுகர்கள் குளித்து, பலகாரம் சாப்பிட்டு, காரில் வந்து இறங்கிச் சால்வை போர்த்திக்கொண்டு முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். அதன்பிறகுதான் முடியாதவர்கள் நடக்கத் தொடங்குவார்கள். மாலை போட்டவர் காலில் செருப்பு கிடையாது. வேன் பின்னால் வரும் என்பது பேச்சுக்கு. அதில் பொங்கல் அண்டாவும் தண்ணீர் டிரம்மும் இருந்ததால், திருத்தணியில் போய் உட்கார்ந்திருக்கும் காவடிக்காரர்களுக்குச் சாப்பாடு கொடுக்க அது பாதியிலேயே முந்திக்கொண்டு போய்விடும்.

சித்திரை மாதத் தார் ரோடு எப்படி இருக்கும் என்பது அதில் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியாது. வேகமாக நடப்பவன் சூட்டிலிருந்து சீக்கிரம் தப்பிப்பான். மெதுவாக நடப்பவர்தான் அதில் அதிக நேரம் நிற்கவேண்டும். இருக்கும் வழிகளில் நீளமானதை, இருக்கும் நேரத்தில் மோசமானதில், நடக்க இயலாதவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அதற்குச் சுலபமான வழி என்று பேர் வைத்திருந்தார்கள். இத்தனைக்கும் இதில் யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. பரிவோடு செய்ததாகவே எல்லாரும் நம்பினார்கள்.

அந்த வருஷம் மூன்றாம் செட்டு ஆர்.கே.பேட்டையைத் தாண்டியதும் கூட்டம் சிதறியது. ரோட்டோரப் புல்லையும் மர நிழலையும் தேடி ஆளாளுக்கு ஓடினார்கள். ஒரு பெரியவர் தோள் துண்டைக் கீழே போட்டு அதன்மேல் நின்றுகொண்டு, பிறகு அதை எடுத்து முன்னால் போட்டு, அப்படியே நகர்ந்தார். குப்பம்மாள் மட்டும் ரோட்டின் நடுவே நேராக நடந்துகொண்டிருந்தாள். கல்யாண மண்டபத்தில் பந்தி பார்க்கப் போகிறவளைப் போல நிதானமாக.

“பெரிம்மா, சுடலியா?” என்று கேட்டார்கள்.

“இன்னா சுடுது? ஒண்ணும் தெரியலயே.”

அன்றைக்கு வேன் இன்னும் முந்திப் போகவில்லை. மைக்கில் இருந்தவன் காதில் இது விழுந்தது. அடுத்த நிமிஷமே ஒலிபெருக்கி பேசியது: “பக்த கோடிகளே! தார் உருகும் வெயிலில் பூப்போல நடந்து வருகிறார் நமது குப்பம்மாள் அம்மையார்! தணிகை வேலன் அருள் பெற்ற கால்கள் இவை!”

அடுத்த நீர்மோர்ப் பந்தலில் இரண்டு பெண்கள் அவள் காலில் விழுந்தார்கள். அதற்கடுத்த பந்தலில் மாலை தயாராக இருந்தது. திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது, பள்ளிப்பட்டிலிருந்தும் நகரியிலிருந்தும் வந்த பக்தர்கள் தமிழிலும் தெலுங்கிலும் அவளிடம் திருநீறு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பிய அன்று தேவயானி மாமியாரின் காலைக் கழுவ உட்கார்ந்தாள். உள்ளங்கால் தோல் முழுக்கக் கொப்புளமாகி, வலதுகாலில் அது உரிந்து, சிவந்த சதையில் கரித்தூளும் மணலும் ஒட்டியிருந்தன.

“அத்த, இத்தோட எப்படி நடந்த?”

“எதோட?” என்று குனிந்து பார்த்தாள் குப்பம்மாள்.

புண் ஆறவில்லை. நாட்டு வைத்தியம், மருந்துக் கடை, பிறகு அரக்கோணத்தில் ஒரு டாக்டர் என்று அலைந்து, கடைசியில் வலதுகாலின் சுண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் தேவயானியைத் தனியாகக் கூப்பிடவில்லை. குப்பம்மாள் எதிரிலேயே சொன்னார். “சர்க்கரை ரொம்ப நாளா இருக்கும்மா. காலுக்குப் போற நரம்புல உணர்ச்சி போயிடுச்சு. நெருப்புல வெச்சாலும் உங்களுக்குத் தெரியாது. இனிமே வீட்டுக்குள்ளகூட எம்.சி.ஆர். செருப்பு, சுகர்காரங்களுக்குன்னே மெத்து ரப்பர்ல செய்யறது, அது இல்லாம நடக்காதீங்க.” குப்பம்மாள் அமைதியாகத் தலையாட்டினாள். வெளியே வந்ததும், “அவரு கிறிஸ்டியனா இருப்பாரு, அவருக்கு இன்னா தெரியும்” என்றாள்.

கஜபதி பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார். கட்டுப் போட்ட காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“முருகன் ஒரு விரலு கேட்டான். அம்மா குடுத்துட்டாங்க. அவ்வளோதான்” என்றார்.

தேவயானி டம்ளரைக் கீழே வைத்தாள். “அவன் எங்கண்ணா கேட்டான்? செருப்பில்லாம வெயில்ல நடக்கவுட்டது நீங்க. சுகர் காலுக்குச் சூடு தெரியாதுன்னு டாக்டர் சொல்றாரு.”

“இத்த வெளிய சொல்லிகினு இருக்காதம்மா. ஜனம் ஒரு நம்பிக்கையில கீது.”

அரசு மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்று முதலாளியிடம் கண்ணால் மன்னிப்புக் கேட்டான். அவள் அதைப் பார்க்கவில்லை என்று நினைத்தான்.

தை பிறந்ததும் புண் ஆறியது. மாசியில் அடுத்த வருஷத்துக்கான பானர் வந்தது. ஒரு பக்கம் வேல், மறுபக்கம் கும்பிட்ட கையோடு குப்பம்மாள். மாலை போட இந்தத் தடவை சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் பேர் கொடுத்திருந்தார்கள். அதில் பெரும்பாலோர் கேட்டது தார் ரோட்டைத்தான். அந்த அம்மா பின்னால் நடந்தால் நமக்கும் சுடாது என்று பேச்சு பரவியிருந்தது.

தேவயானி நேராகத் தறி ஷெட்டுக்குப் போனாள். தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது, அதனால் அங்கே இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது.

“அண்ணா, எங்க அத்தைய ரோட்டு செட்டுலருந்து எடுத்துடுங்க.”

“நடக்க வோணாம்னு சொல்றியா?”

“நடக்கட்டும். செருப்பு போட்டுகினு நடக்கட்டும். விடியாங்காட்டியே முத செட்டோட அனுப்புங்க, வெயிலுக்கு முன்னால போய்ச் சேந்துடும்.”

“கரட்டுலயா? இன்னாம்மா பேசற! வழுக்கி வுழுந்து இடுப்பு போனா நாளைக்கு யாரு பதில் சொல்றது? கஜபதி வயசானவளைக் கரட்டுல ஏத்திக் கொன்னுட்டான்னுவாங்க.”

“ரோட்டுல வெந்து விரலு போச்சே, அதுக்கு யாரு பதில் சொன்னது?”

“அது சாமி காரியம்” என்றார் கஜபதி.

அவர் அதைச் சாமர்த்தியமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு அப்படித்தான் தோன்றியது. பாறையில் விழுந்தால் அது விபத்து, குழுவின் பொறுப்பு. ரோட்டில் வெந்தால் அது அருள், யாருடைய பொறுப்பும் இல்லை. தேவயானி, தறியை நிறுத்தாமலே தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அரசு மெல்ல ஆரம்பித்தான். “நமக்கு இன்னாத்துக்கு வம்பு? அம்மாவே போறேன்றாங்க.”

“நீ வாயை மூடிகினு துன்னு” என்றாள் தேவயானி.

அவன் சொன்னதில் ஒரு பாதி உண்மை. குப்பம்மாள் போகத்தான் துடித்தாள். அவளைச் சமாதானப்படுத்துவது கஜபதியைச் சமாதானப்படுத்துவதைவிடக் கடினமாக இருந்தது.

“ஆயுசுக்கும் என்னை ஒருத்தன் வாங்கன்னு கூப்பிட்டதில்லடி. ஏய், இந்தா, அடியே, அவ்வளோதான். உங்க மாமனாரு சாவற வரைக்கும் என் பேரச் சொன்னதில்ல. இப்ப அம்மான்றான், சாமின்றான், கால்ல வுழறான். அத்த ஏன் கெடுக்கற?”

“காலு போயிடும் அத்த.”

“போனா போவுது. எனக்குத்தான் வலிக்கலயே.”

இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று தேவயானிக்குத் தெரிந்தது. வேறு விதமாகக் கேட்டாள். “சரி. சுனையப் பாக்கணும்னியே, இட்டுகினு போறேன் வா. கரடு, ஓடை ரெண்டையும் நடந்து பாக்கலாம். எது உன் காலுக்கு ஒத்துவருதுன்னு பாத்துட்டு அப்பால சொல்லு.”

சுனை என்றதும் குப்பம்மாள் எழுந்துவிட்டாள். செருப்பு மட்டும் போடமாட்டேன் என்றாள். மாலை போட்டாயிற்று.

மறுநாள் விடிகாலையில் இருவரும் கரட்டில் ஏறினார்கள். குப்பம்மாள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே ஏறினாள். மூச்சு வாங்கும் இடங்களில் பாறையில் உட்கார்ந்து, வழியில் தெரிந்த ஒவ்வொரு வயலும் யாருடையது, அதை யார் யாரிடமிருந்து எப்படி எழுதி வாங்கினான் என்று வம்பு பேசினாள். சுனையில் தண்ணீர் இல்லை. அடியில் கொஞ்சம் சேறும், அதன்மேல் மொய்த்த தேனீக்களும்தான் இருந்தன. கன்னிமார் கற்களுக்கு யாரோ பழைய மஞ்சள் பூசியிருந்தார்கள்.

“இதுக்குத்தான் பாட்டில்ல புடிச்சாந்து தரேன்னானா அவன்? எந்தக் கொழாத் தண்ணியோ!” என்று குப்பம்மாள் சிரித்தாள்.

தேவயானி சிரிக்கவில்லை. அவள் பார்வை பின்னால் வந்த வழியில் இருந்தது. வெளிறிய பாறையில், மாமியார் கால் வைத்த இடமெல்லாம் ஒரு சிவப்புத் திட்டு.

“அத்த, காலத் தூக்கு.”

இடதுகாலின் நடுவில் வேலிக்காத்தான் முள் ஒன்று அடிவரை இறங்கியிருந்தது. காம்பு மட்டும் வெளியே தெரிந்தது. எங்கோ கீழே ஏறியது. அதோடுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். தேவயானி நகத்தால் பிடித்து இழுத்தபோது விரல் நீளத்துக்கு வந்தது. குப்பம்மாள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. முகம் சுளிக்கவில்லை.

“எங்கருந்து எடுத்த?” என்று கேட்டாள்.

“உன் கால்லருந்து.”

குப்பம்மாள் முள்ளை வாங்கித் தன் உள்ளங்கையில் குத்திப் பார்த்தாள். சட்டென்று கையை உதறினாள். பிறகு அதே முள்ளால் காலில் குத்தினாள். இன்னொரு இடத்தில் குத்தினாள். குதிகாலில், விரல் இடுக்கில், விரல் போன தழும்பின் ஓரத்தில். தேவயானி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

குப்பம்மாள் முள்ளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“ரோட்டுல முருகன் சுடாம பண்ணான், சரி” என்றாள். “ஜனம் பாத்துது, அவனைக் கும்பிட்டுது. இந்த முள்ள இன்னாத்துக்கு மறைச்சான்? இங்க யாரு கீறாங்க பாக்க?”

தேவயானி முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கட்டுப் போட்டாள்.

இறங்கும்போது தேவயானியின் செருப்பை மாமியாரும், மாமியாரின் வெறுங்காலை மருமகளும் போட்டுக்கொண்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும். முள் குத்திய ஒவ்வொரு தடவையும் தேவயானி ஐயோ என்றாள். ஒவ்வொரு தடவையும் குப்பம்மாள் திரும்பிப் பார்த்தாள், கொஞ்சம் பொறாமையோடு.

கரடு வேண்டாம் என்று அவளே சொன்னாள். முள் காயம் ஆறியபின் ஓடையில் நடந்து பார்த்தார்கள், எம்.சி.ஆர். செருப்போடு. மணல் காலை வாங்கியது, வேகம் வரவில்லை. ஆனால் கரையோரம் பனைமர வரிசை இருந்தது. அது கிழக்குக் கரை என்பதால் காலை நிழல் நெடுநேரம் நின்றது. உட்கார இடம் இருந்தது. விடியும் முன் கிளம்பினால் வெயில் சுடுவதற்குள் திருத்தணி எல்லைக்குப் போய்விடலாம் என்று தெரிந்தது. அதுதான் அவளுக்கு ஏற்ற வழி. அதைக் கண்டுபிடிக்க ஒன்றும் பெரிய வித்தை தேவைப்படவில்லை. நடப்பவளைக் கேட்டு, நடந்து பார்த்தால் போதுமாக இருந்தது.

கஜபதி ஒப்புக்கொள்ளவில்லை. செருப்புப் போட்டவள் குழு பானருக்குக் கீழே வரமுடியாது என்றார். “அவங்க சொந்தமா வரட்டும். நான் தடுக்கல. ஆனா மைக்குல இந்த செருப்பு விஷயமெல்லாம் வரக்கூடாது.” அரசுவிடம் தனியாக வேறு ஏதோ சொல்லியிருக்கவேண்டும், அவன் வீட்டில் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், தேவயானி தூங்கி எழும் முன், அம்மாவின் செருப்புக்குப் புது வார் தைத்து வாசலில் வைத்திருந்தான்.

யாத்திரையன்று மேளச் சத்தம் கரட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போதே மாமியாரும் மருமகளும் ஓடையில் இறங்கிவிட்டார்கள். நிழல் இருந்தவரை நடந்தார்கள், உட்கார்ந்தார்கள், கட்டுச்சோறு சாப்பிட்டார்கள். குடும்பங்களின் செட்டு அவர்களைத் தாண்டிப் போனது. சில பெண்கள் குப்பம்மாளின் செருப்பைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி, “சாமி எறங்கிடுச்சாம்” என்று சொன்னது இவர்களுக்குக் கேட்டது.

“ஆங், எறங்கிடுச்சி. நீ ஏத்திக்க” என்றாள் குப்பம்மாள்.

ஓடை ரோட்டைத் தொடும் இடம் திருத்தணிக்குக் கொஞ்சம் முன்னால். அங்கே நாலைந்து புளியமரங்களும் ஒரு நீர்மோர்ப் பந்தலும் இருந்தன. வெயில் ஏறும் நேரத்துக்கு வந்து சேர்ந்து, நிழலில் உட்கார்ந்து, தேவயானி மாமியாரின் காலை மடியில் வைத்துப் பார்த்தாள். மணல் தவிர ஒன்றுமில்லை. ஒரு கொப்புளம்கூட இல்லை. அவள் வந்த காரியம் அத்தோடு முடிந்தது.

அவர்கள் உடனே மலைக்குப் போயிருக்கலாம். குப்பம்மாள்தான், “இரு, ரோட்டு செட்டு வரட்டும். யார் யாரு வராங்கன்னு பாக்கணும்” என்றாள். பானரில் தன் படத்தை எடுத்தார்களா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசை.

உச்சிப்பொழுது தாண்டி, இந்தத் தடவை முந்திப் போகாமல் கூடவே வந்த வேனின் ஒலிபெருக்கிச் சத்தம் முதலில் வந்தது. பிறகு பானர் தெரிந்தது. படத்தை எடுக்கவில்லை. ஆனால் பானருக்கு முன்னால், ரோட்டின் நடுவே, கழுத்து நிறைய மாலையோடு வேறொரு பெண் நடந்துவந்தாள். பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பங்காரு. குப்பம்மாளைவிட இளையவள், கனத்த உடம்பு. பின்னால் கூட்டம் ரோட்டோரப் புல்லில் துள்ளிக்கொண்டிருக்க, அவள் மட்டும் நிதானமாக வந்தாள்.

“இதோ பங்காரு அம்மையார்! கால் பட்ட இடமெல்லாம் குளிருகிறது பக்தர்களே!” என்றது மைக்.

தேவயானி எழுந்துவிட்டாள். “அடப்பாவிங்களா! ஒருத்தி போனா இன்னொருத்தியப் புடிச்சிட்டீங்களா?” அவள் குரல் ஒலிபெருக்கியில் அமுங்கிப்போனது.

ஆனால் குப்பம்மாள் அதற்குள் ரோட்டில் இறங்கியிருந்தாள். பங்காருவின் எதிரே போய் நின்றாள்.

“உனக்கு சுகர் கீதாம்மா?”

“ஆங். பத்து வருசமா கீதுக்கா.” பங்காரு அவளை அடையாளம் கண்டுகொண்டு முகம் மலர்ந்தாள். “நீங்கதான அந்த அம்மா? எனக்கும் சுடலக்கா! உங்க மாதிரியே!”

குப்பம்மாள் அப்படியே தார் ரோட்டில் உட்கார்ந்தாள். பங்காருவின் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள்.

“பாருங்கள்! போன வருஷத்து அம்மையாரே இந்த வருஷத்து அம்மையாரின் பாதத்தைத் தொட்டு வணங்குகிறார்!” என்று மைக் அலறியது. உடனே நாலைந்து பெண்கள் ஓடிவந்து குப்பம்மாளுக்குப் பின்னால் வரிசையில் உட்கார்ந்து கும்பிட்டார்கள். மோர்ப் பந்தலிலிருந்து ஒருவன் கற்பூரத் தட்டோடு வந்தான்.

“கும்புடலடா! காலப் பாக்கறேன்டா!” குப்பம்மாளின் குரல் உடைந்தது. “தோலு உரிஞ்சி தொங்குது, அதுக்குக் கற்பூரம் காட்டறீங்களே, நீங்கல்லாம் சோறுதான் துன்றீங்களா? ஏய் பங்காரு, உக்காருடி! உக்காருன்றேன்!”

பங்காரு ஒற்றைக்காலில் தடுமாறினாள். தேவயானி வந்து தோளைப் பிடித்து அவளை நிழலுக்கு இழுத்தாள். உட்கார வைத்து, அவள் உள்ளங்காலை அவளுக்கே திருப்பிக் காட்டினார்கள். அவள் அதை வேறு யாருடைய காலோ என்பதுபோலப் பார்த்தாள். “அய்யோ, நைனா” என்றாள் மெல்ல.

கஜபதி வேனிலிருந்து இறங்கி ஓடிவந்தார். வியர்வையில் நனைந்திருந்தார். அவர் காலில் செருப்பு இருந்தது; அமைப்பாளர் மாலை போடுவதில்லை. “இன்னாம்மா இது, ரோட்டுல, ஜனங்க எதிர்ல! வீட்ல வெச்சிப் பேசிக்கலாம், எழுந்திரும்மா.”

“தண்ணி கொண்டா” என்றாள் குப்பம்மாள்.

“வேன்ல இருக்கறது காவடிக்காரங்களுக்கு...”

“தண்ணி கொண்டாடா!”

கஜபதி ஒரு நொடி யோசித்தார். கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் இன்னும் கும்பிட்ட கையோடு, யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. தேவயானி அவருக்காகக் காத்திருக்கவில்லை. வேனின் பின்கதவைத் திறந்து ஏறி, டிரம்மைச் சாய்த்தாள். மைக் வைத்திருந்தவன் தடுக்க வந்து, அவள் முகத்தைப் பார்த்து ஒதுங்கினான். தண்ணீர் வேனிலிருந்து வழிந்து ரோட்டில் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து ஆவி கிளம்பியது.

அதைப் பார்த்துப் புல்லில் நின்றிருந்த ஒரு பெரியவர் தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் பார்த்தார்.

“சுகர் கீறவங்கல்லாம் இப்படி நெழலுக்கு வாங்க” என்று குப்பம்மாள் கத்தினாள். மைக் இல்லாமலே அவளுக்குக் குரல் இருந்தது. “சுடலன்னு சொல்றவங்க மொதல்ல வாங்க.”

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு பெண் வந்தாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர்.